மாமா கார்டியன் ஆன கதை

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் ஹைஸ்கூல் வாசலை மிதித்தாள் என்றால், அதற்கு ஒரு ஜோசியரைத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும். படிப்பின் மேல் யாருக்கும் திடீர்ப் பாசம் பொங்கிவிடவில்லை. எட்டாவது முடித்துவிட்டு நான் வீட்டில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் என் ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டரை வருசத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுத்துறாதீங்க. எடுத்தா மாப்பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. என் அம்மாவின் கூடப் பிறந்த தம்பிதான். நான் பிறந்த அன்றைக்கே, என்னைத் துடைத்துத் துணியில் சுற்றுவதற்குள், "என் தம்பிக்குப் பொண்ணு பொறந்தாச்சு" என்று அம்மா அறிவித்துவிட்டாளாம். அக்கா மகளைத் தம்பி கட்டுவது எங்களில் முறை. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, காலையில் எழுந்து முகம் கழுவுவதை யோசித்தா செய்கிறோம்? அந்தத் தம்பியின் உயிருக்கு ஆகாது என்றதும் அம்மா பதறிப்போனாள். ரெண்டரை வருசம் காத்திருப்பது என்று முடிவாயிற்று. வளர்ந்த பெண்ணை அதுவரை எங்கே வைப்பது?

திண்டுக்கல்லில் கிறிஸ்தவக் கன்னிமார் நடத்தும் பெண்கள் ஹைஸ்கூல் ஒன்று இருந்தது. பழைய பள்ளிக்கூடம், ஹாஸ்டலும் உண்டு. எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம் என்பதால் அப்பா ஒரு நாள் காய்கறி மூட்டையைச் சந்தையில் போட்டுவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனார். உள்ளே போகவில்லை. மதில் சுவரை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டு ஆள் உசரம் இருக்கு. மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்காக. படிப்பு நல்லாத்தான் இருக்கும்" என்றார். இப்படித்தான் நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன்.

சேர்க்கும் நாளன்று அப்பாவுக்கு வெங்காய அறுவடை. மேலும் அவருக்குக் கைநாட்டுத்தான். எங்கள் கூட்டத்திலேயே கையெழுத்துப் போடத் தெரிந்தவர் மாமா ஒருத்தர்தான், அதுவும் இங்கிலீஷில். நெய்க்காரப்பட்டியில் தோட்டம் வைத்திருந்த அவருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எட்டாவது வரை போய், கணக்கில் தவறி, அத்தோடு நின்றவர். ஆனால் கையெழுத்து மட்டும் கலெக்டர் கையெழுத்து. பேரை எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிகளை வைக்கும்போது நாக்கு நுனி லேசாக வெளியே வரும்.

ஆபீஸ் அறையில் பள்ளிக்கூடத்துக்கே தலைவியான மதர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரி. சீமையிலிருந்து வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. ஏதோ பழைய வேதப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர் என்பதால் யாரோடு பேசினாலும் பிரசங்கம் மாதிரியே இருக்கும். பக்கத்தில் பேனாவோடு ஹாஸ்டல் வார்டன் சிஸ்டர். அவர் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர், நம்ம ஊர் நடப்பு அத்தனையும் அறிந்தவர்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார் வார்டன்.

"தாய்மாமனுங்க. இவங்கம்மாவுக்கு நேர் இளையவனுங்க."

மதரின் முகம் மலர்ந்துவிட்டது. "தாயின் சகோதரன் தகப்பனுக்குச் சமானம். மகனே, இன்று முதல் நீரே இந்தப் பிள்ளைக்குப் பாதுகாவலர்" என்றார்.

மாமாவுக்குப் பாதி புரியவில்லை. "சரிங்க தாயீ" என்று தலையாட்டினார். வார்டன் சிஸ்டர் பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி மாமாவை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு மதரைப் பார்த்தார். முறை மாப்பிள்ளையைக் கொண்டுபோய்த் தகப்பன் ஸ்தானத்தில் உட்கார வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினார், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். கார்டியன் என்ற இடத்தில் பேரை எழுதி, "இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நோட்டைத் திருப்பினார். மாமா கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்தார்.

அந்த ஹாஸ்டலில் கார்டியன் என்றால் சும்மா இல்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதற்கும், லீவுக்கு அழைத்துப்போவதற்கும், மார்க்குக் குறைந்தால் நேரில் வந்து ஏச்சு வாங்குவதற்கும் நோட்டில் பேர் உள்ள அந்த ஒருவருக்குத்தான் உரிமை. கார்டியன் கடிதம் இல்லாமல் பிள்ளையை மதிலுக்கு வெளியே அனுப்ப மாட்டார்கள். பெற்றவர்களே ஆனாலும் பேசிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

மாமா ஒரு ஞாயிறும் தவறியதில்லை. வரும்போது ஆயக்குடிக் கொய்யா ஒரு கூடை கொண்டுவருவார். எனக்கு இரண்டு, வார்டன் சிஸ்டருக்கு ஆறு, மிச்சம் மொத்த ஹாஸ்டலுக்கும். திங்கட்கிழமை காலையில் கக்கூஸ் வாசலில் வரிசை நிற்கும். நானும் அவரும் பார்லர் என்ற பார்வையாளர் அறையில் ஆளுக்கொரு ஓர நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பேச என்ன இருக்கிறது? "மாடு கன்னு போட்டுச்சு" என்பார். "சரி மாமா" என்பேன். அரை மணி கழித்து, "வாரேன்" என்று எழுந்துவிடுவார்.

முதல் வருசக் காற்பரீட்சையில் கணக்கில் எனக்கு இருபத்திரண்டு. மாமாவுக்குக் கடிதம் பறந்தது. யாருக்கு என்னவோ என்று அலறியடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மதர் அவரை நிற்க வைத்துக் கேட்டார்.

"மகனே, உம்முடைய பிள்ளை இருபத்திரண்டு வாங்கியிருக்கிறாள். நீர் என்ன செய்துகொண்டிருந்தீர்?"

"தக்காளிக்கு மருந்தடிச்சுட்டு இருந்தனுங்க."

"செடிக்கு மருந்து அடித்தீர். பிள்ளைக்கு என்ன செய்தீர்?"

மாமா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எட்டாவதில் கணக்கில் கவிழ்ந்த மனுஷனைக் கூப்பிட்டுக் கணக்குக்காக ஏசினால் பாவம் அவர் எங்கே போவார்? லீவில் தினமும் இரண்டு கணக்கு என்னைப் போட வைத்துத் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று மதர் உத்தரவு போட்டார். மாமா அதற்கும் "சரிங்க தாயீ" என்றார்.

மாமா ஒப்புக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், நெய்க்காரப்பட்டியில் ஒரு வாத்தியாரிடம் போய் உட்கார்ந்து கணக்குக் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்! லீவில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஊரெல்லாம் மாப்பிள்ளை வருகிறார் என்று பார்க்கும். அம்மா கோழியடிப்பாள். இவர் வந்ததும் வராததுமாக, "நோட்ட எடு புள்ள" என்பார். தொட்டியும் குழாயும் வரும் கணக்கு மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் தொட்டியை நிரப்புமாம், இன்னொரு குழாய் எட்டு மணி நேரத்தில் காலி செய்யுமாம், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எப்போது நிரம்பும்? "எவன்டா அவன், இந்தப் பக்கம் தண்ணிய விட்டுப்போட்டு அந்தப் பக்கம் தொறந்து வெக்கிறவன்? ரெண்டு அறை அறைஞ்சா எல்லாம் நிரம்பும்" என்று கொதிப்பார். ஏத்தம் இறைத்த வம்சம், தண்ணீர் வீணாவதைத் தாளில்கூடப் பார்க்கப் பொறுக்காது. அப்புறம் அவரே உட்கார்ந்து விடையைக் கண்டுபிடிப்பார்.

என் மார்க்கு முப்பத்தெட்டானது, நாற்பத்தைந்தானது, ஐம்பதைத் தாண்டியது. ஒவ்வொரு தடவையும் மாமா ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைக் கொஞ்ச நேரம் தூரத்தில் வைத்துப் பார்ப்பார்.

சேர்ந்த புதிதில் எனக்குப் படிப்பில் ஒரு கிறக்கமும் கிடையாது. வேளாவேளைக்குச் சோறு, வெங்காயம் ஆய வேண்டாம், அம்மட்டில் சந்தோஷம். பதினோராவது வந்தபோதுதான் ஆசை பிடித்தது. அந்த வருசம் எங்கள் எல்லோருக்கும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் தயார் செய்தார்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகம். அதில் என் பேர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் எழுதினார்கள். 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு அங்கே மச்சம் இருப்பது பெற்ற தாய்க்கே தெரியாது, சர்க்காருக்குத் தெரிந்துவிட்டது. பரீட்சை எழுதினால்தான் மார்க்குப் பக்கம் நிரம்பும், எழுதாவிட்டால் வெறும் மச்சத்தோடு நிற்கும். அந்தப் பக்கம் நிரம்ப வேண்டும் என்று அப்படி ஒரு வெறி வந்துவிட்டது எனக்கு. அப்போது வேறு எதையும் அவ்வளவு விரும்பியதாக நினைவில்லை.

பரீட்சை பங்குனியில். ஜோசியர் சொன்ன ரெண்டரை வருசம் மார்கழியோடு முடிந்தது. அம்மா ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. தையில் முகூர்த்தம் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டாள். கல்யாணமான பெண்ணை அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கழுத்தில் தாலி ஏறினால் என் பரீட்சை அம்போதான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெண்ணிடம் கேட்கிற வழக்கம் இல்லாதபோது, சொல்கிற வழக்கம் மட்டும் எங்கிருந்து வரும்?

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கொய்யாக் கூடை இல்லை. புது வேட்டி கட்டி, கையில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு நேராக ஆபீஸ் அறைக்குள் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"பொண்ணுக்குக் கல்யாணமுங்க தாயீ. நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணோணும். இன்னைக்கே கூட்டிட்டுப் போறனுங்க" என்று தாம்பாளத்தை நீட்டினார்.

மதர் பத்திரிகையை எடுக்கக் கை நீட்டுவதற்குள் வார்டன் சிஸ்டர் பாய்ந்து எடுத்துக்கொண்டார். "தமிழ் எழுத்து பொடிசா இருக்கு மதர். நான் வாசிச்சுச் சொல்றேன்." வாசித்தார். சாமி பேர் வாசித்தார், நாள் நட்சத்திரம் வாசித்தார், என் பேர், அப்பா பேர் எல்லாம் வாசித்தார். மாப்பிள்ளை பேர் வரும் இடத்தில் பத்திரிகையை மடித்து, "மாப்பிள்ளை நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி" என்று முடித்துவிட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லையே!

மதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். "அமரும். பாதுகாவலர் என்ற முறையில் உம்மிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். இந்த மாப்பிள்ளையைக் குறித்து நீர் விசாரித்தீரா?"

மாமா என்னைப் பார்த்தார். தான்தான் அந்த மாப்பிள்ளை என்று சொல்ல வாய் திறந்தார். ரெண்டரை வருசமாக "உம்முடைய பிள்ளை, உம்முடைய பிள்ளை" என்று கேட்டுப் பழகிய அறையில் அந்த வார்த்தை வெளியே வர மாட்டேன் என்றது.

"தெரிஞ்ச பையந்தானுங்க" என்றார்.

"எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"பொறந்ததுல இருந்துங்க."

"மது அருந்துகிறவனா?"

"ஐயோ, இல்லீங்க." கொஞ்சம் நிறுத்தி, "போன கோயில் நோம்பிக்கு ஒரே ஒருக்காங்க. அதும் கூட்டாளிக வம்பு பண்ணிக் குடுத்ததுங்க" என்றார். கேட்காமலே ஒப்புக்கொள்ளும் மனுஷனை என்ன செய்வது? வார்டன் சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

"என்ன படித்திருக்கிறான்?"

"எட்டாவதுங்க."

"தேறினானா?"

மாமா துண்டால் நெற்றியைத் துடைத்தார். "கணக்குல போயிருச்சுங்க."

"இந்தப் பிள்ளை இப்போது கணக்கிலே எவ்வளவு?"

அதுவரை குறுகி உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். "அரைப் பரீட்சைல அறுவத்தொண்ணுங்க! குழாய்க் கணக்கு முழுசும் சரிங்க!"

"பரீட்சைக்கு இன்னும் எத்தனை காலம்?"

"ரெண்டு மாசமுங்க."

"அந்த மனிதன் இரண்டு மாதம் பொறுக்க மாட்டானா?"

"அவன் பொறுப்பானுங்க. அவங்கக்காதான் பொறுக்க மாட்டாங்க."

"அவன் அக்காளைக் குறித்து நான் கேட்கவில்லை" என்றார் மதர். குரலை உயர்த்தவே இல்லை. "உம்மைக் கேட்கிறேன். இருபத்திரண்டு வாங்கியவளை அறுபத்தொன்று வாங்க வைத்தவர் நீர். எட்டாம் வகுப்பிலே தவறினவனும், தன் அக்காளுக்குப் பயந்து இரண்டு மாதம் பொறுக்க மாட்டாதவனுமாகிய ஒருவனுக்கு, மகனே, உம்முடைய பிள்ளையை நீர் கொடுப்பீரா?"

மாமா தாம்பாளத்தைப் பார்த்தார். மடித்த பத்திரிகை அதில் கிடந்தது. அவர் யோசித்தார், நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தார். கணக்குக்கு விடை தேடும்போது வரும் அதே முகச் சுளிப்பு.

"குடுக்க மாட்டேனுங்க" என்றார்.

மாமா எழுந்து, "அவனுக்குத் தகுதி பத்தாதுங்க" என்று சேர்த்துக்கொண்டு, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். வெற்றிலையை மட்டும் ஞாபகமாக மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் கேட் வரை பின்னாலேயே ஓடினேன். எதிரே மலைக்கோட்டைப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மாமா நின்று திரும்பினார்.

"ஏம் புள்ள, அந்தம்மா எங்கிட்ட இத்தனை கேள்வி கேட்டுச்சு. நீ ஊமையாட்டம் நின்னியே, உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லியா?"

"என்னைய யாரு மாமா கேட்டீக?" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் தாம்பாளத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். "செரி, இப்பக் கேக்குறேன். உனக்கு என்ன வேணும்?"

"பரீட்சை எழுதணும்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியல மாமா."

"தெரிஞ்சதுக்கப்புறம் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் அம்மா வந்துவிட்டாள். அவள் குரல் கேட்டு மூன்று வகுப்பறை தாண்டி ஜன்னல்கள் திறந்தன. "எம் பொண்ண அனுப்புங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். வார்டன் சிஸ்டர் நோட்டைத் திறந்து காட்டி, "தாராளமா. கார்டியன் லெட்டர் கொண்டாந்தீகளா?" என்றார்.

"பெத்தவ நானா, அந்த நோட்டா?"

"பெத்தது நீங்கதாம்மா. கையெழுத்துப் போட்டது உங்க தம்பி. அவுக ஒரு வரி எழுதிக் குடுத்தா இந்த நிமிசமே அனுப்பிறேன்."

அம்மா நெய்க்காரப்பட்டிக்குப் போனாள். மாமா எழுதித் தரவில்லை. சாபம் விட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள், மண்டபத்துக்காரர் சண்டைக்கு வந்தார். அப்போதும் அவர் பேனாவைத் தொடவில்லையாம். தை போயிற்று, மாசி போயிற்று, நான் பங்குனியில் பரீட்சை எழுதினேன்.

எழுதி முடித்து வீட்டுக்கு வந்த மறுநாள் மாமா வந்தார். அம்மா அவரை வா என்று கூப்பிடவில்லை. அவரே உள்ளே வந்து, அப்பாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"புள்ள, எல்லாருக்கும் முன்னால கேக்குறேன். என்னையக் கட்டிக்க உனக்கு இஷ்டமா? பயப்படாமச் சொல்லு."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா காத்திருந்தார்.

"இல்ல மாமா" என்றேன்.

"அப்பாடா!" என்றார் மாமா. சத்தமாக, நெஞ்சு காலியாகிறாற்போல. "எனக்கும் இல்ல புள்ள. உன்ற மார்க்கு என்ன ஆகுமோன்னு ரெண்டரை வருசமா நான் பயந்த பயம் இருக்குதே, அது கட்டிக்கப் போறவன் பயப்படற பயமில்ல. அன்னைக்கு அந்த ரூமுல உக்காந்துதான் எனக்கே தெரிஞ்சுது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு என்னவோ சுருக்கென்றது. வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். ஆனாலும் அதற்கு ஒரு அப்பாடாவா! ஒரு நிமிஷம் முகம் வாடினால் இந்த மனுஷனுக்கு என்ன குறைந்துபோகும்? ஆத்திரம் வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

"ஏன் அழுவுற? நீதான வேண்டாம்னு சொன்ன?"

"அதுக்குன்னு நீங்க இம்புட்டுச் சந்தோசப்படணுமா?" என்று கத்தினேன்.

வீட்டில் வாயே திறக்காத அப்பா குபீரென்று சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். அப்புறம் துண்டை உதறி என் கையில் கொடுத்து, "சந்தோசம் அதுக்கில்ல புள்ள. உங்க வீட்டுல உன்ன ஒருத்தன் கேட்டு, நீ ஒரு பதில் சொன்ன பாரு, அதுக்கு" என்றார்.

நான் அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதேன்.